குகதாசனின் உடம்பு

குகதாசனைப் பார்க்கிறவர்களின் கண் முதலில் அவனுடைய தோளில்தான் போய் நிற்கும். வீட்டுக் கூரைகளில் சோலார் தகடு பூட்டுவது அவன் தொழில். மற்றவர்கள் இரண்டு பேராகப் பிடித்து ஏற்றுகிற தகட்டை அவன் தனியாகவே தோளில் வைத்துக்கொண்டு ஏணியில் ஏறுவான். வீட்டுக்காரர்கள் தகட்டை மறந்து அவனைப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். கோப்பாயில் அவனுடைய தாய் பராசக்திக்கு இதில் பெரிய பெருமை. விடிய எழும்பி முட்டை அவிப்பதும், வெள்ளிக்கிழமைகளில் உப்பும் செத்தல் மிளகாயும் சுற்றி அடுப்பில் போடுவதும் அவளுடைய வேலை.

"ஊர்க்கண் முழுக்க இவனிலைதான். நாவூறு படாமல் இருக்கவேணும்" என்பாள்.

தக்சாயினி அவனைக் கலியாணம் செய்து மூன்று வருடமாகிவிட்டது. புத்தூரில் அவளுக்கென்று கட்டத் தொடங்கிய சீதன வீடு கூரை மட்டத்தில் நின்றுவிட்டதால், கோப்பாயில் மாமி பராசக்தியோடுதான் இருந்தார்கள். அவள் ஆரம்பப் பாடசாலை ஆசிரியை. பகல் முழுக்கச் சின்னப் பிள்ளைகளின் மூக்கைத் துடைத்து, கையைப் பிடித்து எழுதப் பழக்கிவிட்டு வீட்டுக்கு வந்தால், மாமி ஏதாவது ஒரு கோயிலின் விபூதியோடு காத்திருப்பாள். முதல் வருடம் ஒன்றும் கேட்கவில்லை. இரண்டாம் வருடம், "பிள்ளை, உமக்கு மாதம் மாதம் ஒழுங்கா வருதோ?" என்று கேட்டாள். மூன்றாம் வருடம் கேட்பதை விட்டுவிட்டுப் பக்கத்து வீட்டாரோடு கதைக்கத் தொடங்கினாள். குரல் வேலியைத் தாண்டி இந்தப் பக்கமும் வந்தது.

தக்சாயினி தானாகவே கிளினிக்குக்குப் போனாள். இரத்தம் எடுத்தார்கள், ஸ்கான் செய்தார்கள். எல்லாம் சரி என்று சொன்ன பெண் டொக்டர், அடுத்த முறை கணவரையும் கூட்டிக்கொண்டு வரச் சொன்னார். அன்று தொடங்கியது குகதாசனின் சாட்டு. கிளிநொச்சியில் வேலை, வவுனியாவில் வேலை, லீவு இல்லை, மோட்டார் சைக்கிள் பழுது.

ஒருநாள் அவள் விடாமல் கேட்டபோது கத்தினான். "எனக்கு என்ன குறை? என்னைப் பார்த்தால் வருத்தக்காரன் மாதிரிக் கிடக்கோ உமக்கு?"

அவன் முன்பு இப்படிக் கத்துகிறவன் அல்ல. கலியாணம் பேசி வந்தபோது தேத்தண்ணிக் கோப்பையைக்கூடச் சத்தமில்லாமல் வைத்தவன். இப்போது கறியில் உப்புக் கூடினாலும் கதிரை சுவரில் போய் இடிக்கும். பிறகு தானே வந்து மன்னிப்புக் கேட்பான். முதுகு முழுக்கச் சிவப்புச் சிவப்பாகப் பருக்கள் கிளம்பியிருந்தன. அவள்தான் பாமசியில் களிம்பு வாங்கி வந்து பூசிவிட்டாள். வெயிலில் நின்று வேலை செய்கிற உடம்பு, வியர்வையால் வருகிறது என்றான். நம்பினாள்.

அவனுடைய ஒன்றுவிட்ட அக்கா தர்சினியின் குழந்தைக்கு முப்பத்தோராம் நாள் துடக்குக் கழிவு நடந்தது. குழந்தையின் கழுத்தில் போடுகிற பஞ்சாயுதச் சங்கிலி வைத்த தட்டை யாராவது எடுத்துக்கொண்டு வாங்கோ என்று உள்ளேயிருந்து குரல் வர, பக்கத்தில் நின்ற தக்சாயினி அதைத் தூக்கினாள். பராசக்தி எங்கிருந்து வந்தாளோ, தட்டை அவள் கையிலிருந்து வாங்கி இன்னொருத்தியிடம் கொடுத்தாள்.

"நீர் குசினிப் பக்கம் போய்த் தேத்தண்ணியைப் பாரும் பிள்ளை."

குரலில் கோபம் ஒன்றும் இல்லை. மெதுவாகத்தான் சொன்னாள். அதனாலேயே சுற்றி நின்ற எல்லாருக்கும் அது விளங்கியது. தக்சாயினி நிமிர்ந்து கணவனைப் பார்த்தாள். அவன் வாசலில்தான் நின்றான், எல்லாவற்றையும் பார்த்தான். பிறகு சட்டைப் பைக்குள்ளிருந்து போனை எடுத்து அதைப் பார்க்கத் தொடங்கினான்.

வீட்டுக்குத் திரும்பி வரும்போது மோட்டார் சைக்கிளின் பின்னாலிருந்து அவள் சொன்னாள். "இந்தக் கிழமை என்னோடை கிளினிக்குக்கு வாங்கோ. வராட்டி நான் அம்மா வீட்டை போறன். பேந்து கூப்பிட வரவேண்டாம்."

அவன் வந்தான்.

விந்துப் பரிசோதனையின் முடிவை டொக்டர் இரண்டு தரம் வாசித்தார். கணவனை மட்டும் திரைக்குப் பின்னால் கூப்பிட்டுச் சோதித்தார். திரும்பி வந்து உட்கார்ந்து, இருவரும் சேர்ந்தே கேட்கிறீர்களா என்று அவனிடம் கேட்டார். அவன் ஓமென்று தலையை ஆட்டினான்.

"விந்தில் உயிரணு ஒண்டுகூட இல்லை" என்றார். "நீங்கள் ஜிம்முக்குப் போறனீங்கள்தானே? உடம்பு வைக்கிறதுக்கு ஊசி, குளிசை ஏதும் எடுக்கிறனீங்களோ?"

"இல்லை டொக்டர். முட்டையும் கோழியும்தான்."

"நான் குற்றம் பிடிக்கக் கேக்கேல்லை. வெளியிலையிருந்து அந்த ஹோர்மோனை ஏத்தினால், 'ஏற்கனவே நிறையக் கிடக்கு, நான் ஏன் செய்யவேணும்' எண்டு உடம்பு தன்ரை வேலையை நிப்பாட்டிப்போடும். உயிரணு உண்டாகிறதும் நிண்டுபோகும். அப்பிடியெண்டால் அதுக்குச் செய்ய வழியிருக்கு. ஆனால் எனக்கு உண்மை தெரியவேணும்."

"நான் ஒண்டும் எடுக்கிறேல்லை" என்றான் குகதாசன்.

அவன் சொன்னது பொய்யென்று தக்சாயினிக்கு அப்போது தெரியவில்லை. வழியெல்லாம் அவனுக்காகத்தான் கவலைப்பட்டாள். அம்மன் கோயிலடியில் நிறுத்தச் சொல்லிக் கற்பூரம்கூடக் கொளுத்தினாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை புத்தூருக்குத் தாயைப் பார்க்கப் போனாள். தம்பி நிருஷன் கிணற்றடியில் குளித்துக்கொண்டிருந்தான். ஏ.எல். பரீட்சை எடுத்துவிட்டு முடிவுக்காகக் காத்திருக்கிறவன். சிறு வயதில் ஆஸ்துமாக்காரன், எலும்பும் தோலுமாக இருந்தவன், இப்போது கழுத்து தடித்துப் போயிருந்தான். அவள் பார்த்துச் சிரித்தாள். அவன் வாளியைத் தூக்கத் திரும்பியபோது முதுகைக் கண்டாள்.

அதே பருக்கள். தோளிலிருந்து நடு முதுகுவரை, சிவந்து, சில இடங்களில் பழுத்து. நாள்தோறும் விரலால் தடவிக் களிம்பு பூசிய முதுகு அவளுக்கு நன்றாகத் தெரியும். அதே முதுகு இன்னொரு உடம்பில் நின்றது.

தாய் கமலாவதி குசினியிலிருந்தே சொன்னாள். "மருமகனோடைதான் ஜிம்முக்குப் போறான். உடம்பு வந்தது சந்தோசம்தான் பிள்ளை. ஆனால் கோவம் கூடிப்போச்சு. போன கிழமை பக்கத்து வீட்டு நாய்க்குக் கல்லெறிஞ்சு காலை முறிச்சுப்போட்டான். உவன் அப்பிடிப்பட்ட பிள்ளையே?"

தக்சாயினி கிணற்றடிக்குப் போனாள். "நிருஷன், நீ ஊசி ஏதும் போடுறியோ?"

அவன் துவாயால் தலையைத் துடைத்தபடி ஒரு பக்கமாகச் சிரித்தான். "அம்மாவுக்குச் சொல்லாதையுங்கோ அக்கா. பயப்பிட ஒண்டுமில்லை. அத்தான்தான் தன்ரை கையாலை போட்டுவிடுறவர். கிழமைக்கு ஒருக்கால். குளிசையும் தந்தவர்."

அவன் அதைப் பெருமையாகத்தான் சொன்னான். அத்தான் தனக்கு அவ்வளவு செய்கிறார் என்ற பெருமை. வாளியிலிருந்து வழிந்த தண்ணீர் அவள் காலை நனைத்துக்கொண்டு வாழைக்குப் போயிற்று. அவள் நகரவில்லை.

கோப்பாய்க்குத் திரும்பி வந்தபோது குகதாசன் முற்றத்தில் மோட்டார் சைக்கிள் கழுவிக்கொண்டிருந்தான். பராசக்தி கோயிலுக்குப் போயிருந்தாள்.

"நிருஷனுக்கு ஊசி போட்டது நீங்களோ?"

அவன் கையிலிருந்த துணியிலிருந்து நுரை சொட்டியது. "அவன் கேட்டவன்."

"அவன் கேட்டால்?"

"சின்ன அளவுதான். எங்கடை தனோஜன் அண்ணையே சொல்லித்தான்..." ஜிம்மை நடத்துகிற தனோஜனின் பெயரைச் சொன்னதும் நிறுத்திக்கொண்டான்.

"டொக்டர் கேக்கேக்கை இல்லையெண்டு சொன்னீங்கள். மாமி என்ரை கையிலையிருந்து தட்டைப் பறிக்கேக்கை போனைப் பார்த்துக்கொண்டு நிண்டீங்கள். அதெல்லாம் என்னோடை போகட்டும். என்ரை தம்பிக்கு ஏன்?"

குகதாசன் வாளியை உதைத்தான். சவர்க்காரத் தண்ணீர் முற்றம் முழுக்கப் பரவியது. பழைய தக்சாயினி என்றால் உள்ளே போயிருப்பாள். அன்று போகவில்லை. அவன் கொஞ்ச நேரம் மூச்சு வாங்கிக்கொண்டு நின்றுவிட்டுப் படியில் உட்கார்ந்தான். பிறகு எல்லாவற்றையும் சொன்னான்.

பள்ளிக்கூடத்தில் அவனை ஈர்க்கு என்றுதான் கூப்பிடுவார்களாம். வாத்தியார்மாரும் கூப்பிட்டார்களாம். ஜிம்மில் சேர்ந்து ஒரு வருடமாகியும் உடம்பு ஏறவில்லை. தனோஜன், "முட்டை திண்டு இந்த உடம்பு வராது தம்பி" என்று ஒரு சின்னப் போத்தலைக் காட்டினான். கொழும்பிலிருந்து யாரோ கொண்டுவந்தது. உள்ளே என்ன இருக்கிறது என்று தனோஜனுக்கும் சரியாகத் தெரியாது. கலியாணத்துக்கு முந்திய வருடம் தொடங்கியது. நிறுத்தினால் உடம்பு வற்றிவிடும் என்ற பயத்தில் நிறுத்தவேயில்லை. போன வருடமே ஏதோ பிழையென்று அவனுக்குத் தெரியும்.

"தெரிஞ்சபடியால்தான் செக் பண்ண வரேல்லை" என்றான். "மெசின் சொல்லாட்டிப் பிழையொண்டும் இல்லையெண்டு இருக்கலாம்தானே."

தக்சாயினி உடுப்பை எடுத்துக்கொண்டு பஸ் ஏறிப் புத்தூருக்குப் போய்விட்டாள்.

சில நாள் கழித்து அவன் அங்கே வந்தான். தக்சாயினியைக் கூப்பிட வந்ததாகச் சொல்லவில்லை. நிருஷனோடு கதைக்க வேண்டும் என்றான். விறாந்தையில் உட்கார்ந்து, ஊசியையும் குளிசையையும் இன்றோடு விடச் சொன்னான்.

நிருஷனுக்கு முகம் சுருங்கியது. "இப்பதான் எனக்கு உடம்பு வரத் தொடங்கியிருக்கு அத்தான். அக்கா பேசினதுக்காக நான் நிப்பாட்டவோ? நீங்கள் மட்டும் இப்பிடி இருக்க, நான் பழையபடி போகவோ?"

"நான் எப்பிடி இருக்கிறன் எண்டு உனக்குத் தெரியாது."

குகதாசன் எழுந்து சேட்டைக் கழற்றினான். அதற்குள் ஒரு பெனியன், அதற்குள் இறுக்கமாக இன்னொன்று. வீட்டுக்குள்ளேயும் அவன் ஏன் இப்போதெல்லாம் சேட்டோடு திரிகிறான் என்று தக்சாயினி யோசித்ததுண்டு. களிம்பு பூசும்போது அவன் குப்புறப் படுத்து முதுகை மட்டும் காட்டுவதையும், படுக்கும்போது லைட்டை முந்தி அணைப்பதையும் கவனித்திருக்கிறாள். இரண்டாவது பெனியனையும் கழற்றியபோது அவளுக்குக் காரணம் தெரிந்தது. கல்லுப்போல் இறுகிய நெஞ்சில், முலைக்காம்புகளுக்குக் கீழே இரண்டு பக்கமும் சதை திரண்டு, வயதுக்கு வருகிற பெண்பிள்ளையின் மார்பைப்போல வீங்கி நின்றது.

"உதைத் தொட்டால் நோகும். சேட் உரசினாலும் நோகும்" என்றான். "ஊசியாலை வந்தது. உடம்புக்குள்ளை அது பொம்பிளை ஹோர்மோனாயும் மாறுமாம். கீழை சுருங்கிப்போச்சு. எனக்குப் பிள்ளை உண்டாகாதாம் இப்பிடியே போனால். உன்ரை அக்காவிலை ஒரு குறையுமில்லை."

குசினியில் தேங்காய் துருவிக்கொண்டிருந்த கமலாவதியின் சத்தம் நின்றுபோனது. நிருஷன் வாய் பிளந்து அந்த நெஞ்சையே பார்த்துக்கொண்டிருந்தான். தன்னையறியாமல் கையைத் தன் நெஞ்சுக்குக் கொண்டுபோய்த் தடவிப் பார்த்தான். பிறகு கேட்டான்.

"உது எப்பிடி வந்ததெண்டு உங்களுக்குத் தெரியும். தெரிஞ்சுகொண்டே எனக்குப் போட்டனீங்களோ அத்தான்?"

குகதாசன் பெனியனைக் கையில் சுருட்டிக்கொண்டு நின்றான். சேட்டைப் போட்டுக்கொண்டு, படலையைக்கூடச் சாத்தாமல் போய்விட்டான்.

அடுத்த நாள் தக்சாயினி தம்பியை அதே டொக்டரிடம் கூட்டிக்கொண்டு போனாள். இரத்த அழுத்தம் பார்த்தபோது டொக்டர் கருவியைக் கழற்றி மறுபடி கட்டிப் பார்த்தார். இந்த வயதுப் பையனுக்கு இருக்கக்கூடாத அளவு. குளிசையால் ஈரலிலும் பாதிப்பு இருப்பதாக இரத்தம் சொன்னது. நல்ல வேளை, இன்னும் கொஞ்சம்தான்.

"வெளியிலை தசை பெருக்கிற மாதிரி உள்ளை இருதயமும் தடிக்கும் தம்பி" என்றார் டொக்டர். "தோள் தடிச்சால் வடிவு. இருதயம் தடிச்சால் ஒருநாள் பாரம் தூக்கேக்கை விழுந்து போவாய். ஒருத்தரும் முந்திச் சொல்லமாட்டினம். ஒரே ஊசியை ஆளாளுக்கு மாத்திப் போட்டதெண்டால், நோய் ஏதும் தொத்தியிருக்கோ எண்டும் இரத்தம் செக் பண்ணவேணும்." பிறகு தக்சாயினியைப் பார்த்தார். "உங்கடை அவரையும் வரச் சொல்லுங்கோ. நெடுநாள் எடுத்த ஆள் திடீரெண்டு விட்டால் ஊசியின்ரை ஹோர்மோனும் இராது, உடம்பின்ரை ஹோர்மோனும் இராது. மனம் படுத்துப்போகும். தனிய விடாதையுங்கோ."

டொக்டர் சொன்னபடியே நடந்தது. குகதாசன் ஊசியை விட்டிருந்தான். பராசக்தி தொலைபேசி எடுத்தாள். "பிள்ளை, அவன் சாப்பிடுறானில்லை. வேலைக்கும் போறானில்லை. ஒருக்கால் வந்து பாருமன்." அந்தக் குரலில் பழைய அதிகாரம் இல்லை. தக்சாயினிக்குப் போக மனமில்லை. ஆனாலும் போனாள்.

அவன் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தான். சின்னப் பிள்ளைபோல எதற்கும் கண் கலங்கியது. ஒரு மாலை அவள் சோற்றைக் கொண்டுபோய் வைத்தபோது, "நான் செத்துப்போனால் எல்லாருக்கும் நல்லம்" என்றான். குரலை உயர்த்தவில்லை, மழை வரும்போல இருக்கிறது என்கிற மாதிரிச் சொன்னான். அவள் பயந்து போனாள். உடனே ஓட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனாள். ஹோர்மோனுக்கென்று ஒரு டொக்டரும் மனத்துக்கென்று ஒரு டொக்டரும் பார்த்தார்கள். மருந்து தொடங்கியது. அதற்குள் தனோஜன் இரண்டு மூன்று தரம் அழைப்பெடுத்துவிட்டான். ஒருமுறை தக்சாயினிதான் போனை எடுத்தாள்.

"தங்கச்சி, பயப்பிடாதையுங்கோ. எல்லாருக்கும் நிப்பாட்டினால் இப்பிடித்தான். இன்னொரு கோர்ஸ் போட்டால் எழும்பி நிப்பான்."

"இன்னொருக்கால் இந்த நம்பருக்கு எடுத்தால் பொலிசிலைதான் கதைப்பீங்கள்" என்று சொல்லித் தொலைபேசியை வைத்தாள்.

பராசக்திக்கு இன்னும் விசயம் தெரியாது. ஒருநாள் காலை கஞ்சிக் கோப்பையை மகன் பக்கத்தில் வைத்துவிட்டு, மருமகளுக்குக் கேட்கும்படியே சொன்னாள். "பிள்ளையில்லாத கவலைதான் என்ரை பிள்ளையைத் தின்னுது. வந்தவளாலை வந்த வினை."

குகதாசன் எழுந்து உட்கார்ந்தான். "அம்மா, அவவிலை ஒரு குறையும் இல்லை. குறை என்னிலை."

"பொஞ்சாதிக்காகச் சொல்லுறாய்."

"இல்லை. இந்த உடம்பு ஊசியாலை வந்தது. நாலு வருசமாப் போட்டனான். அதாலைதான் பிள்ளை தங்கேல்லை. அவவுக்கும் முந்தித் தெரியாது. நான்தான் மறைச்சனான்."

பராசக்தி கட்டில் விளிம்பில் உட்கார்ந்தாள். மகனுடைய கையைப் பிடித்துப் பார்த்தாள். சில கிழமைகளிலேயே அது மெலிந்திருந்தது.

"நான் அவிச்சுத் தந்த முட்டையிலை வந்த உடம்பெண்டெல்லோ ஊரெல்லாம் சொல்லித் திரிஞ்சனான்" என்றாள். அழவில்லை. எழுந்து குசினிக்குப் போனாள்.

மருமகளிடம் அவள் மன்னிப்புக் கேட்கவில்லை. ஆனால் சில நாள் கழித்து, தர்சினியின் தாய் தொலைபேசியில் எதையோ கேட்க, நடு அறையில் நின்றுகொண்டு உரக்கச் சொன்னாள். "உந்தக் கதையை இனிக் கதைக்காதை. தக்சாவிலை ஒண்டும் இல்லை. பிழை எங்கடை பெடியனிலைதான். ஓம், வடிவாக் கேட்டுக்கொள். எங்கடை பெடியனிலைதான்." பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த தக்சாயினிக்கு அப்போதுதான் கண்ணீர் வந்தது.

கொஞ்சம் நடமாடத் தொடங்கியதும் குகதாசன் நல்லூர்ப் பக்கம் இருந்த அந்த ஜிம்முக்குப் போனான். மாலை, ஆட்கள் நிறைந்த நேரம். தனக்கு நடந்ததை எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னான். தனோஜன் சிரித்து, "பொஞ்சாதியின்ரை குறையை மூட ஊசியிலை பழியைப் போடுறான்" என்று தொடங்கி, பிறகு வெளியே தள்ளிவிட்டான். பார்த்துக்கொண்டிருந்தவர்களில் பலர் கண்ணாடிப் பக்கம் திரும்பிக்கொண்டார்கள். அவன் அவமானத்தோடு வீட்டுக்கு வந்தான். ஆனால் அதே கிழமை அன்று ஜிம்மில் நின்ற ஜெரிசன் என்கிற மீன்வியாபாரி வீட்டுக்கே தேடி வந்து, வேலியோரம் நின்று, மெதுவாகத் தன் சேட்டின் மேல்பொத்தானைத் திறந்து காட்டினான். "எனக்கும் இப்பிடி வருது அண்ணை. மனுசிக்குச் சொல்லேல்லை. எங்கை போய்க் காட்டினனீங்கள்?" குகதாசன் டொக்டரின் பெயரைச் சொன்னான். அடுத்த கிளினிக் நாளில் தானே கூட்டிக்கொண்டு போனான்.

நிருஷன் பிறகு ஊசியைத் தொடவில்லை. பிரசர் குளிசை எடுத்தான். கழுத்து பழையபடி மெலிந்தது. ஆனால் அத்தானோடு அவன் கதைக்கவில்லை. குகதாசன் புத்தூருக்கு வந்தால் அவன் சைக்கிளை எடுத்துக்கொண்டு தோட்டப் பக்கம் போய்விடுவான். சீதன வீட்டுக்குக் கூரை போட்டபோது, சோலார் தகடு பூட்டக் குகதாசன் ஏறியதைக் கண்டும் ஏணியைப் பிடிக்க வரவில்லை. யாரும் அவனைக் கட்டாயப்படுத்தவில்லை.

முதல் மறுபரிசோதனையில் மாற்றம் ஒன்றும் இல்லை. அடுத்ததிலும் இல்லை. ஒரு வருடம் கடந்த பிறகு, ஒரு காலை, டொக்டர் தாளைப் பார்த்துவிட்டு நிமிர்ந்தார்.

"கொஞ்சம் தெரியுது. மிகக் கொஞ்சம். எல்லாருக்கும் திரும்பி வாறதில்லை, வந்தாலும் மெல்லத்தான் வரும். இருந்தாலும் உடம்பு வேலையைத் தொடங்கியிட்டுது."

குகதாசன் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டு அழுதான். தக்சாயினி அழவில்லை. அவன் தோளில் கை வைத்தாள். முந்தின தோள் இல்லை அது. எலும்பு கைக்குத் தட்டுப்பட்டது. பிள்ளை வேண்டும் என்று எத்தனையோ கோயில் வாசலில் நின்றவளால் இப்போது வேண்டும் என்று உடனே சொல்ல முடியவில்லை.

வெளியே வந்து வேப்ப மரத்தடியில் நின்றபோது அவன் கேட்டான். "உமக்குச் சந்தோசமில்லையோ?"

"சந்தோசம்தான்" என்றாள். "ஆனால் எனக்குக் கொஞ்சம் நாள் வேணும். நீங்கள் பொய் சொன்னது எனக்கு இன்னும் ஆறேல்லை. உங்கடை உடம்பு தேற எவ்வளவு செல்லுமோ, எனக்கும் அவ்வளவு செல்லும்."

"ஓம்" என்றான் அவன்.

அவள் ஹெல்மெட்டைப் போட்டுக்கொண்டு பின்னால் ஏறினாள். பாடசாலைக்கு நேரமாகிக்கொண்டிருந்தது. அவன் மெதுவாகத்தான் ஓட்டினான்.